படைகளின் மின்தேவையும் எரிபொருள் மின்கலங்களின் எதிர்காலமும்

ஒரு நாட்டின் படைவலிமையைக் கணக்கிடும்போது கப்பல்கள் எத்தனை, டாங்கிகள் எத்தனை, விமானங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அவற்றுக்கு உயிரூட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் நீருக்கடியில் மறைந்து செல்லும் கப்பல் எத்தனை நாள் மேலே வராமல் இருக்கலாம், பனி மூடிய மலைமுகட்டில் உள்ள காவற்சாவடி குளிர்காலம் முழுவதும் எவ்வாறு விளக்கும் வெப்பமும் பெறும், ரோந்து செல்லும் வீரரின் வானொலிக் கருவி எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்பனவெல்லாம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் திறனையே சார்ந்துள்ளன.

எரிபொருள் மின்கலமும் புதிய வகைப் பாட்டரிகளும் இத்துறையில் பெரும் மாறுதலை விளைவிக்கக் கூடியவை. அவை பற்றிய பேச்சு பெரும்பாலும் விஞ்ஞானிகளிடையே நடைபெறுகிறது. ஆனால் அவற்றின் எதிர்காலத்தை முடிவு செய்யும் கேள்விகளில் பாதி பொருளாதாரத்தைச் சார்ந்தவை. நகரில் வாழ்வோர் மின்சாரத்தின் விலையை மின் நிலையத்திலிருந்து கணக்கிடுகின்றனர். படைத்துறையிலோ அதனை, பயன்படும் இடத்தில் போய்ச் சேர்ந்த பின்னரே கணக்கிட வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், சந்தையில் விலையுயர்ந்ததாகத் தோன்றும் ஒரு கருவி எல்லையில் மலிவானதாக அமைவது ஏன் என்பது விளங்கும்.

இரு வகைக் கலங்கள்

பாட்டரியும் எரிபொருள் மின்கலமும் வேதிவினையிலிருந்து மின்சாரம் தருபவை. ஆனால் இரண்டின் அமைப்பும் வேறு. பாட்டரியில் வினைபுரியும் பொருள்கள் அனைத்தும் கலத்தின் உள்ளேயே அடைபட்டுள்ளன. அவை தீர்ந்ததும் மீண்டும் மின்னூட்ட வேண்டும். 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பாட்டரி இவ்வகையைச் சேர்ந்தது. இன்றைய லித்தியம் அயனி பாட்டரியும் அவ்வாறே. எரிபொருள் மின்கலத்திலோ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியிலிருந்து தொடர்ந்து செலுத்தப்படுகின்றன. அவை வினையூக்கி பூசிய மின்முனைகளில் சேர்ந்து மின்சாரமும் வெப்பமும் நீரும் தருகின்றன. தீச்சுடர் இல்லை, சுழலும் உறுப்புகள் இல்லை, ஆதலின் ஓசையும் மிகக் குறைவு. இத்தத்துவத்தை வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். எனினும் அது நடைமுறைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1965-இல் அமெரிக்காவின் ஜெமினி-5 விண்கலத்திலும், பின்னர் அப்பல்லோ விண்கலங்களிலும் அது இடம்பெற்றது.

இவ்வேறுபாட்டிலிருந்து ஒரு முக்கியமான பொருளாதார விளைவு பிறக்கிறது. பாட்டரி தரும் மின்சாரம் இரு மடங்கு நேரம் நீடிக்க வேண்டுமானால் பாட்டரியையே இரு மடங்காக்க வேண்டும். எடையும் விலையும் அதே வீதத்தில் ஏறும். எரிபொருள் மின்கலத்தில் மின்கலம் அப்படியே இருக்கலாம்; எரிபொருள் தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் போதும். ஆகவே குறைந்த திறனில் நெடுநேரம் மின்சாரம் வேண்டுமிடத்தில் எரிபொருள் மின்கலமும், மிகுந்த திறன் சிறிது நேரத்துக்கு வேண்டுமிடத்தில் பாட்டரியும் பொருத்தமானவை. ஒன்று மற்றொன்றை அகற்றிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது எரிபொருள் மின்கலங்கள் செயலிழந்தன. நிலவில் இறங்கும் கலத்தில் இருந்த வெள்ளி-துத்தநாக பாட்டரிகளைக் கொண்டே மூன்று வீரர்களும் உயிருடன் திரும்பினர். இரண்டும் அருகருகே இருப்பதன் அருமையை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

நீருக்கடியில் நாட்கள்

எரிபொருள் மின்கலத்தின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் நீர்மூழ்கிக் கப்பலாகும். அணுசக்தியால் இயங்காத நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கடியில் பாட்டரியின் துணையுடன் ஓடுகின்றன. பாட்டரி இறங்கியதும் டீசல் எஞ்சினை ஓட்டி மீண்டும் மின்னூட்ட வேண்டும். எஞ்சினுக்குக் காற்று தேவை. ஆதலின் கப்பல் நீர்மட்டத்தை ஒட்டி வந்து, காற்றுக் குழாயை வெளியே நீட்ட வேண்டியதாகிறது. மெதுவாகச் சென்றாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இது தவிர்க்க முடியாதது. அந்த நேரத்தில் குழாயை ரேடார் காணும். எஞ்சினின் ஓசையை ஒலியுணர் கருவிகள் கேட்கும். மறைந்திருப்பதையே வலிமையாகக் கொண்ட கப்பல் தன் வலிமையை இழக்கும் நேரம் அது. உள்ளே இருக்கும் மாலுமிகளின் உயிரும் அந்த நேரத்தில்தான் பெரிதும் இடருக்குள்ளாகிறது.

வெளிக்காற்றை நாடாமல் மின்சாரம் உண்டாக்கும் ஏற்பாட்டைக் காற்றுச் சாரா இயக்க அமைப்பு என்பர். சுவீடன் 1996 முதல் படையில் சேர்த்த காட்லாண்ட் வகைக் கப்பல்களில் ஸ்டர்லிங் எஞ்சினைப் பயன்படுத்தியது. பாகிஸ்தான் பிரெஞ்சு நாட்டின் நீராவிச் சுழலி முறையைத் தேர்ந்தது. ஜெர்மனி எரிபொருள் மின்கலத்தை நாடியது. 2005-இல் படையில் சேர்ந்த அந்நாட்டின் யு-31 கப்பலில் பாலிமர் சவ்வு எரிபொருள் மின்கலங்கள் உள்ளன. ஹைட்ரஜன் உலோகக் கலவையில் உறிஞ்சப்பட்டும், ஆக்சிஜன் திரவ வடிவிலும் எடுத்துச் செல்லப்படுகின்றன. அதே வகையைச் சேர்ந்த யு-32 கப்பல் 2013-இல் அட்லாண்டிக் பயணத்தின்போது 18 நாட்கள் தொடர்ந்து நீருக்கடியிலேயே இருந்தது. இரண்டு மூன்று நாட்கள் என்ற எல்லை இரண்டு வாரங்களுக்கு மேலாக விரிந்தது எனில், அதன் போர்முறை விளைவை விவரிக்க வேண்டுவதில்லை.

ஜப்பான் வேறு வழியில் சென்றது. அந்நாட்டின் சோர்யு வகைக் கப்பல்களில் முதல் பத்தும் ஸ்டர்லிங் எஞ்சினும் ஈய-அமில பாட்டரியும் கொண்டவை. 2020 மார்ச்சில் படையில் சேர்ந்த பதினொன்றாவது கப்பலான ஓர்யுவில் இரண்டையும் விலக்கிவிட்டு லித்தியம் அயனி பாட்டரிகளை வைத்தனர். ஈய-அமில பாட்டரி ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 முதல் 40 வாட்-மணி மின்சாரம் தரும். லித்தியம் அயனி மின்கலம் அதைப்போல் பல மடங்கு தரும். விரைவாக மின்னூட்டமும் ஏற்கும். வேகமாகச் செல்லும்போதும் அதன் கொள்ளளவு அதிகம் குறைவதில்லை. மெதுவாக நெடுநாள் மறைந்திருக்க ஜெர்மானிய முறையும், வேண்டியபோது விரைந்து விலக ஜப்பானிய முறையும் ஏற்றவை எனலாம். எந்தக் கடலில், எந்தப் பணிக்கு என்பதே தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

நமது நாட்டின் முயற்சி

இந்தியக் கடற்படைக்காகப் பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் மும்பை மசகான் கப்பல் கட்டும் நிறுவனம் கட்டிய கல்வரி வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் ஆறு. இவற்றுக்கான ஒப்பந்தம் 2005-இல் செய்யப்பட்டது. முதற்கப்பல் 2017 டிசம்பரிலும், ஆறாவது கப்பலான வாக்ஷீர் 2025 ஜனவரியிலும் படையில் சேர்ந்தன. ஆறும் காற்றுச் சாரா இயக்க அமைப்பு இன்றியே சேர்ந்தன.

இக்குறையை நிரப்பும் பொறுப்பைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த, மகாராஷ்டிர மாநிலம் அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருட்கள் ஆராய்ச்சிக்கூடம் ஏற்றது. அங்குள்ள விஞ்ஞானிகள் ஜெர்மனியின் வழியை அப்படியே பின்பற்றவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது பாஸ்பாரிக் அமில எரிபொருள் மின்கலம். அது 150 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இயங்குவது. ஹைட்ரஜனில் உள்ள சிறு மாசுகளைப் பாலிமர் சவ்வு மின்கலத்தைக் காட்டிலும் நன்கு தாங்கக் கூடியது. மேலும் ஹைட்ரஜனைச் சுமந்து செல்வதற்கு மாறாக, அதனைக் கப்பலிலேயே உண்டாக்கிக் கொள்வது இவ்வமைப்பின் தனிச்சிறப்பு. சோடியம் போரோஹைட்ரைடு என்னும் வேதிப்பொருள் நீருடன் வினைபுரிந்து வேண்டிய அளவு ஹைட்ரஜனைத் தருகிறது. ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் உலோகக் கலவைகள் தம் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே ஹைட்ரஜனைத் தாங்கும். போரோஹைட்ரைடின் எடையில் ஹைட்ரஜன் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் உள்ளது. வினையில் நீரிலிருந்தும் அதே அளவு ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அழுத்தமூட்டிய வாயுவைக் கப்பலில் வைத்திருக்கும் அபாயமும் குறைகிறது. இதற்கு ஈடாக, பயணம் ஒவ்வொன்றுக்கும் விலையுயர்ந்த வேதிப்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

தரையில் அமைக்கப்பட்ட மாதிரி அமைப்பு 2021 மார்ச் 8-ஆம் நாள் முழுத் திறனிலும் நீடித்த ஓட்டத்திலும் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. லார்சன் அண்டு டூப்ரோ, தெர்மாக்ஸ் ஆகிய தொழில் நிறுவனங்கள் இதில் பங்கு கொண்டன. 2023 ஜனவரியில் அமைப்பைக் கல்வரி வகைக் கப்பல்களில் பொருத்துவதற்கான உடன்பாடு கப்பலை வடிவமைத்த பிரெஞ்சு நிறுவனத்துடன் ஏற்பட்டது. 2024 டிசம்பர் 30-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சகம், இவ்வமைப்பைத் தாங்கும் கப்பற்பகுதியைக் கட்டி இணைப்பதற்காக மசகான் நிறுவனத்துடன் ஏறத்தாழ ரூ. 1,990 கோடிக்கு ஒப்பந்தம் செய்தது.

இந்தத் தேதிகளில் திட்டமிடுவோருக்கு ஒரு பாடம் உள்ளது. தரைச் சோதனைக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்றே முக்கால் ஆண்டு கழிந்தது. கட்டி முடித்த கப்பலில் இவ்வமைப்பைச் சேர்க்க வேண்டுமானால் கப்பலின் உடலை நடுவே வெட்டிப் பிரித்து, புதிய பகுதியைச் செருகி, மீண்டும் பற்றவைக்க வேண்டும். எடைச் சமநிலை, குழாய்கள், மின்கம்பிகள் அனைத்தும் மாறும். கப்பல் அத்தனை காலமும் பணியில் இராது. ஆராய்ச்சியும் கப்பல் கட்டுதலும் ஒரே கால அட்டவணையில் ஓடியிருப்பின் இச்செலவில் ஒரு பகுதி மிச்சமாகியிருக்கும். இது எவரையும் குறை கூறுவதற்காக அன்று. கடினமான ஆராய்ச்சிக்குக் காலவரையறை விதிப்பது எளிதல்ல என்பதை அனைவரும் அறிவர். ஆனால் ஆய்வுக்கூடத்தின் வெற்றி படையின் வலிமையாக மாறுவதற்கு இடையில் நீண்ட பாதை உண்டு என்பதையும், அப்பாதைக்கும் தனியே நிதியும் பொறுப்பாளரும் வேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது.

மலையுச்சிக்குச் செல்லும் டீசல்

கடலிலிருந்து லடாக்கின் மலைகளுக்கு வந்தால் பிரச்சினையின் வடிவம் மாறுகிறது. அங்கு எதிரியின் ஒலியுணர் கருவியைக் காட்டிலும் தூரமும் குளிருமே பெரும் இடையூறுகள். மலைப்பாதைகள் பனியால் அடைபடுவதற்கு முன்பே குளிர்காலத்துக்கு வேண்டிய டீசலும் மண்ணெண்ணெயும் லாரிகளில் ஏற்றிச் சேமிக்கப்படுகின்றன. மேலே உள்ள சாவடிகளுக்குச் சுமைக் கழுதைகளும் ஹெலிகாப்டர்களும் கொண்டு செல்கின்றன. எண்ணெய் நிலையத்தில் உள்ள விலைக்கும் சாவடியில் போய்ச் சேரும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் ஊகிக்கலாம்.

அந்த விலையில் பணம் மட்டுமே அடங்கியிருக்கவில்லை. அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்கானிஸ்தானில் எரிபொருள் கொண்டு சென்ற 24 வண்டித் தொடர்களுக்கு ஒருவர் வீதம் உயிரிழந்தனர் அல்லது காயமுற்றனர் என்று கணக்கிட்டது. நமது மலைப்பாதைகளில் இடர் வேறு வகையானது; பனிச்சரிவும் நிலச்சரிவும் பிராணவாயுக் குறைவும் அங்கே எதிரிகள். எனினும் கொண்டு செல்ல வேண்டாத ஒவ்வொரு பீப்பாய் எரிபொருளும் ஒரு பயணத்தையும், அப்பயணத்தின் அபாயத்தையும் குறைக்கிறது என்ற உண்மை இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

இந்நோக்கில் 2023 மார்ச் 21-ஆம் நாள் இந்தியத் தரைப்படை தேசிய அனல்மின் கழகத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி, மைய மின்தொடர் எட்டாத முன்னணிப் பகுதிகளில் சூரிய ஒளி, ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கொண்டு மின்சாரம் வழங்கப்படும். கிழக்கு லடாக்கில் ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள சுஷூலில் ஆண்டு முழுவதும் 200 கிலோவாட் மின்சாரம் வழங்கும் திட்டம் இவ்வாறு உருவானதே. பகலில் சூரிய ஒளி மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜனைச் சேமிப்பதும், இரவிலும் குளிர்காலத்திலும் எரிபொருள் மின்கலத்தின் வாயிலாக அதனை மீண்டும் மின்சாரமாக்குவதும் இதன் முறை. லடாக்கின் வானம் பெரும்பாலும் தெளிவானது. ஆதலின் இம்முயற்சிக்கு அது ஏற்ற இடமே.

இங்கும் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றி மீண்டும் மின்சாரமாக்கினால், செலுத்தியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே திரும்பக் கிடைக்கிறது. லித்தியம் அயனி பாட்டரியிலோ பத்தில் ஒன்பது பங்கு கிடைக்கும். ஓர் இரவுக்குரிய மின்சாரத்தைச் சேமிக்கப் பாட்டரியே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடையில் மிஞ்சுவதை மாதங்கள் கழித்துக் குளிர்காலத்தில் பயன்படுத்த வேண்டுமானால் பாட்டரி கட்டுப்படியாகாது. அத்துடன் லித்தியம் அயனி மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னூட்டினால் லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். எரிபொருள் மின்கலத்துக்கும் குளிர் பகையே. அதில் உண்டாகும் நீர் உறைந்துவிடாமல் காக்க வேண்டும். எனினும் அது வெளியிடும் வெப்பத்தை அறைகளைக் கதகதப்பாக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். எனவே நாளுக்கு நாள் மாறும் தேவைக்குப் பாட்டரியும், பருவத்துக்குப் பருவம் மாறும் தேவைக்கு ஹைட்ரஜனும் என இரண்டையும் இணைத்து அமைப்பதே சிக்கனமான வழி.

வீரரின் தோளில்

இன்றைய காலாட்படை வீரர் வானொலிக் கருவி, இரவுநேரப் பார்வைக் கருவி, இடங்காட்டி ஆகியவற்றை எடுத்துச் செல்கிறார். ஒவ்வொன்றுக்கும் பாட்டரி, அதற்கு மாற்றுப் பாட்டரி எனச் சுமை பெருகுகிறது. பாட்டரியின் எடை கூடினால் தண்ணீரோ உணவோ தோட்டாவோ குறைய வேண்டும். இங்கே கருவிகளெல்லாம் ஒரே வகைப் பாட்டரியைப் பயன்படுத்துமாறு தரப்படுத்துதல் செலவில்லாத சீர்திருத்தமாகும். மெத்தனாலில் இயங்கும் சிறு எரிபொருள் மின்கலங்கள், பல நாட்கள் நீடிக்கும் கண்காணிப்புப் பணிகளில் பாட்டரிகளை மீண்டும் மின்னூட்டப் பயன்படுகின்றன.

ஆளில்லாச் சிறு விமானங்களிலும் இதே நியதி காணப்படுகிறது. மின்விசையால் இயங்கும் சிறு விமானம் பாட்டரியைக் கொண்டு சில மணி நேரமே பறக்கும். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தின் அயான் டைகர் என்னும் விமானம் 2009-இல் ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தால் 26 மணி நேரமும், 2013-இல் திரவ ஹைட்ரஜனைக் கொண்டு 48 மணி நேரமும் பறந்தது. நமது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரி 1-ஆம் நாள் செலுத்திய பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பாலிமர் சவ்வு எரிபொருள் மின்கலத்தை விண்ணில் சோதித்து 180 வாட் மின்சாரம் பெற்றது. அளவிற் சிறியதாயினும், இத்திறன் உள்நாட்டில் உள்ளது என்பதற்கு அது சான்று.

குறுகிய நேரம், பெருந்திறன் என்ற தேவைக்குச் சிறந்த உதாரணம் டார்ப்பிடோ. 2016-இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்ட வருணாஸ்திரம் வெள்ளி-துத்தநாக பாட்டரியால் இயங்குகிறது. திருச்சிக்கு அருகில் மாத்தூரில் உள்ள ஒரு தொழிற்சாலை இவ்வகைப் பாட்டரிகளைப் படைகளுக்குத் தயாரித்து வருகிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் நீண்ட அனுபவம் பெற்றது. உலகமெங்கும் மின்வேதியியல் இன்று பெறும் முக்கியத்துவத்தை நோக்கின், எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய நிலையத்தை நிறுவியவர்களின் தொலைநோக்கு வியப்புக்குரியது.

எச்சரிக்கைக்குரியவை

மிகுந்த ஆற்றலைச் சிறிய இடத்தில் அடைக்கும் எந்தக் கருவியும் ஆபத்தை உடன்கொண்டே வருகிறது. 1949-இல் நார்வேக்கு அப்பால் அமெரிக்காவின் கொச்சினோ நீர்மூழ்கிக் கப்பல் பாட்டரியிலிருந்து வெளிப்பட்ட ஹைட்ரஜன் வெடித்ததால் மூழ்கியது. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் சிந்துரக்ஷக் கப்பலின் பாட்டரி அறையில் ஏற்பட்ட விபத்தில் நமது மாலுமி ஒருவர் உயிரிழந்தார். வால்வு பழுதுபட்டு ஹைட்ரஜன் கசிந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இவை இரண்டும் நன்கு பழகிப்போன ஈய-அமில பாட்டரியால் நேர்ந்தவை. புதிய வகையும் விலக்கன்று. 2008 நவம்பரில் ஹவாய்த் தீவில் அமெரிக்கக் கடற்படையின் சிறு நீர்மூழ்கிக் கலம் ஒன்றில் லித்தியம் அயனி பாட்டரி மின்னூட்டத்தின்போது தீப்பற்றிப் பல மணி நேரம் எரிந்தது. அக்கலத்தின் திட்டமே பின்னர் கைவிடப்பட்டது.

நிலத்தில் தீப்பிடித்தால் விலகி ஓடலாம். நீருக்கடியில் உள்ள கப்பலில் ஓடுவதற்கு இடமில்லை. எனவே மின்கலத்தின் கொள்ளளவைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதைக் காட்டிலும், அது எப்படிப் பழுதாகிறது, பழுதானால் அடுத்த கலத்துக்குத் தீ பரவாமல் எவ்வாறு தடுக்கலாம் என்பதையே படைகள் முதலில் கேட்க வேண்டும். இதற்குரிய சோதனைச்சாலைகளுக்குச் செய்யும் செலவை வீண் செலவாகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும்.

மூலப்பொருளும் தொழிலும்

எண்ணெய்க்காக வெளிநாடுகளைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபடுவது இம்மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் எண்ணெய்க்குப் பதிலாக லித்தியத்துக்கும் கிராபைட்டுக்கும் பிளாட்டினத்துக்கும் பிறரைச் சார்ந்தால் சார்பு நீங்கியதாகாது. இடம் மாறியதாகவே ஆகும். சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படும் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. லித்தியத்தையும் கிராபைட்டையும் சுத்திகரித்து மின்கலத்துக்கு உகந்ததாக்கும் தொழிலில் சீனா முதலிடம் வகிக்கிறது. 2023 டிசம்பர் முதல் சில வகைக் கிராபைட் ஏற்றுமதிக்கு அந்நாடு உரிமம் கட்டாயமாக்கியபோது பல நாடுகளின் பாட்டரித் தொழில் கவலையுற்றது.

மத்திய அரசு பல நடவடிக்கைகளை மேற்கொண்டுள்ளது. 2021-இல் ரூ. 18,100 கோடி ஊக்கத்தொகையுடன் 50 கிகாவாட்-மணி உற்பத்தித் திறனை ஏற்படுத்தும் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும் ஒதுக்கீடு பெற்ற நிறுவனங்கள் உற்பத்தியைத் தொடங்குவதில் காலதாமதம் ஏற்பட்டது. 2023 ஜனவரியில் ரூ. 19,744 கோடி மதிப்பீட்டில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம் அங்கீகாரம் பெற்றது. 2025 ஜனவரியில் முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கமும் தொடங்கியது. ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியத் தாது வளம் இருக்கக்கூடும் என 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது பெரும் நம்பிக்கையை எழுப்பிற்று. ஆனால் அது முதனிலை மதிப்பீடே. வளம் இருக்கக்கூடும் என்பதற்கும் கட்டுப்படியான செலவில் வெட்டியெடுக்கலாம் என்பதற்கும் இடையே பல ஆண்டு ஆய்வு உள்ளது.

இவற்றைப் படைத்துறையின் தேவையுடன் இணைப்பது எவ்வாறு என்பதே மையக் கேள்வி. நமது கடற்படையில் டீசல்-மின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றுக்கென மட்டும் ஓர் எரிபொருள் மின்கலத் தொழிற்சாலையை நடத்தினால் ஆண்டின் பெரும்பகுதி எந்திரங்கள் சும்மா இருக்கும். விலை எட்டாத உயரத்தில் நிற்கும். பேருந்து, படகு, தொலைபேசிக் கோபுரம், மருத்துவமனை எனச் சிவில் துறையின் தேவை சேர்ந்தால்தான் உற்பத்தி பெருகி விலை இறங்கும். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்த, கொச்சியில் கட்டப்பட்ட ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலப் படகும், அதே ஆண்டு மே மாதம் இந்தியன் ஆயில் கழகம் தரைப்படைக்குச் சோதனைக்காக அளித்த ஹைட்ரஜன் பேருந்தும் இவ்விணைப்புக்கு நல்ல தொடக்கங்கள். படைகள் இங்கு முதல் வாடிக்கையாளராக விளங்கலாம். விலை அதிகமாயினும் வாங்கக் கூடியவர், பயன்பாட்டைக் கடுமையாகச் சோதிக்கக் கூடியவர் அவரே. முதல் வாடிக்கையாளரின் துணையின்றி எந்தப் புதிய தொழிலும் வேரூன்றியதில்லை.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, முன்னணிச் சாவடிகளுக்குக் கொண்டு செல்லப்படும் எரிபொருளின் முழு அடக்கவிலையை, போக்குவரத்தும் பாதுகாப்பும் உட்பட, ஆண்டுதோறும் கணக்கிட வேண்டும். இக்கணக்கின்றிச் சூரிய ஒளித் திட்டமும் டீசல் ஜெனரேட்டரும் நேர்மையாக ஒப்பிடப்படுதல் இயலாது. இரண்டாவதாக, கொள்முதல் ஆணைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல், தரம் நிறைவேறினால் இத்தனை எண்ணிக்கை வாங்கப்படும் என்ற உறுதியுடன் பல ஆண்டுகளுக்கு வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, கப்பலோ வாகனமோ வடிவமைக்கப்படும் காலத்திலேயே மின்கல ஆராய்ச்சியாளர் அக்குழுவில் இடம்பெற வேண்டும். நான்காவதாக, பயன்படுத்திய பாட்டரிகளிலிருந்து லித்தியம், கோபால்ட், வெள்ளி ஆகியவற்றை மீட்டெடுக்கும் தொழிலைப் படைப்பிரிவுகளிலிருந்தே தொடங்கலாம். பழைய பாட்டரிகள் சிதறாமல் ஓரிடத்தில் திரும்பிச் சேர்வது அங்கு எளிது.

ஐந்தாவது, ஆட்களைப் பற்றியது. மின்வேதியியல், பொருளறிவியல், பாதுகாப்புப் பொறியியல் ஆகிய துறைகளில் பயிற்சி பெற்றோர் போதிய அளவில் இல்லையேல் நிதி ஒதுக்கீடு காகிதத்திலேயே நின்றுவிடும். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப மையம் போன்றவை கல்லூரிகளுடன் நெருங்கிய தொடர்பு கொண்டால், மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் மின்முனையைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் பெறுவர்.

படைத்துறையில் எரிபொருள் மின்கலங்களுக்கும் புதிய பாட்டரிகளுக்கும் எதிர்காலம் உண்டு என்பதில் ஐயமில்லை. அது திடீரென ஒரு கண்டுபிடிப்பினால் வந்துவிடாது. நீர்மூழ்கிக் கப்பல், மலைச் சாவடி, வீரரின் தோற்பை என ஒவ்வோர் இடத்துக்கும் உரிய அளவில், சோதித்து, செலவைக் கணக்கிட்டு, படிப்படியாக வர வேண்டியது. 1839-இல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த தத்துவம் 2005-இல் போர்க்கப்பலில் பணியாற்றத் தொடங்கியது. அவ்வளவு நீண்ட காலத்துக்கு நாம் காத்திருக்க இயலாது. அதற்காக அவசரப்படவும் கூடாது. கோப்பில் ஒரு மாதம் தாமதமாகும் முடிவு, நீர்மட்டத்துக்கு மேலெழும் ஒரு குழாயாகவோ, பனியில் ஏறும் ஒரு எண்ணெய் வண்டியாகவோ வேறெங்கோ ஒருவரின் இடரைக் கூட்டுகிறது. திட்டங்களைத் தீட்டுவோரும் அவற்றைப் பயில்வோரும் இதனை நினைவிற் கொள்வார்களாயின், செய்ய வேண்டியவை காலத்தே நடைபெறும்.